கஞ்சாக் கிளையில் கலியாணப் பை

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். பிறகு கேட்கவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். உன்னால் மற்றவர்களுக்குத்தான் நலமில்லை. வைகாசியில் உனக்கும் ஷாலினிக்கும் கலியாணம். மாப்பிள்ளைக்குத் தாய் எழுதுகிற கடிதத்தில் வாழ்த்தும் ஆசியும் இருக்கவேண்டும் என்பது எனக்கும் தெரியும். அவை கடைசியில் வந்தால் வரும், வராவிட்டால் மண்டபத்தில் அட்சதையோடு சேர்த்துத் தருகிறேன். இப்போது வயிறு எரிகிறது, அதை முதலில் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன், கடதாசி குசினி மேசையில், உப்புப் போத்தலுக்குக் கீழே, திறந்தபடி கிடக்கும். இந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். உன் அப்பா போன பிறகு இங்கே என்னையும் என் தம்பியான உன் மாமாவையும் விட்டால் வேறு யார் இருக்கிறார்கள். போனில் சொன்னால் "ஓகே அம்மா, ஓகே அம்மா" என்று வெட்டிவிடுகிறாய். மெசேஜ் போட்டால் பெருவிரல் காட்டுகிற படம் ஒன்று வருகிறது. சனிக்கிழமைதோறும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் ஏற்றி இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். எழுத்துக் கூட்டி வாசி.

நீ செய்த வேலையை எங்கே பழகினாய் என்பது எனக்குத் தெரியும். என் கோபத்தில் பாதி அதனால்தான். சிட்னிக்கு, இந்தக் குவேக்கர்ஸ் ஹில்லுக்கு நாங்கள் வந்த புதிதில், கோயிலில் அறிமுகமான ஒரு அன்ரி, ஊரில் போடுகிற குட்டையான குருவித்தலைப் பாகல் விதை கொஞ்சம் கடதாசியில் சுற்றித் தந்தார். ஊரிலிருந்து விதை கொண்டுவர ஏலாது. எயார்போர்ட்டில் பெட்டியைத் திறந்து ஒரு வெந்தயத்தைக்கூட உருட்டிப் பார்ப்பார்கள். ஆகவே கையில் இருப்பதைத்தான் காப்பாற்றவேண்டும். பக்கத்து வீட்டு வியட்நாம் அன்ரியோ நீளமான வெளிறின பாகல் போடுகிறவர். தேனீக்கு எந்த வேலி தெரியும். நான் ஒன்றும் செய்யாமல் விட்ட முதல் வருடத்து விதையை அடுத்த வருடம் போட்டால், காய்த்தது குருவித்தலையும் இல்லை, வியட்நாமும் இல்லை, பாதி வழியில் நின்ற ஏதோ ஒரு சாமான். அதில் கசப்புக்கூட ஒழுங்காக இல்லை. அன்றிலிருந்துதான் பை கட்டத் தொடங்கினேன். மறுநாள் மலரப்போகிற பெண் மொட்டைப் பின்னேரமே பார்த்து, மெல்லிய வலைப்பை ஒன்றைப் போட்டுக் கட்டிவிடுவேன். விடிய, ஆண் பூவைப் பிடுங்கி இதழை மடக்கி, பையை அவிழ்த்து, பெண் பூவில் தொட்டுத் தடவி, திரும்பப் பையைக் கட்டி, காம்பில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு. சிவப்பு நூல் கட்டின காயில் யாரும் கை வைக்கக்கூடாது. அது பழுத்து வெடிக்கும்வரை கொடியிலேயே கிடக்கும்.

பள்ளிக்கூட யூனிபோர்மோடு எனக்குப் பக்கத்தில் நின்று ஆண் பூவைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நீதான். "அழுத்தாதை, நசிஞ்சு போம்" என்று நான் சொன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். வகுப்பில் எழும்பி நின்று, என் அம்மா பூக்களுக்குக் கலியாணம் செய்து வைப்பவர் என்று நீ ஆங்கிலத்தில் சொல்லி, ரீச்சர் வாசலில் என்னை மறித்து அது என்ன வேலை என்று விசாரித்ததும் உனக்கு நினைவிருக்கும். நான் சிரித்தேன். பெருமையாகத்தான் இருந்தது. பிள்ளை பெரியவனாகிக் கொம்பியூட்டரில் வேலைக்குப் போனாலும் ஒரு கொடியை நட்டுப் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். பிள்ளை என்னத்தை நட்டான் என்றுதான் இப்போது எழுதவேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சோற்றுக்கு வறை வறுக்க முருங்கையிலை ஒடிக்கப் பின்வளவுக்குப் போனேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கஞ்சாவை முருங்கைக்குப் பின்னால் மறைக்கிறவனை நான்தான் பெற்றிருக்கிறேன். கறுப்புச் சாடியில் இடுப்பளவு உயரத்துக்கு ஒன்று நின்றது, அதற்குப் பின்னால் சின்னதாக இன்னொன்று. எனக்குத் தெரியாது என்று நினைத்தாயோ? அந்த மணம் பிளாக்டவுன் ஸ்டேஷன் படியில் ஏறி இறங்குகிற எல்லாருக்கும் தெரியும். ஆனால் முதலில் என் கண்ணில் பட்டது செடி இல்லை. பெரியதில் ஒரு கிளையின் பூக்களுக்கு மாத்திரம் பை கட்டி, கீழே சிவப்பு நூல் முடிந்திருந்தது. என்னுடைய முடிச்சு. இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு காதை வெளியே விடுகிற அந்த முடிச்சை இந்தச் சிட்னியில் வேறு யாரும் போடமாட்டார்கள். பையைப் பார்த்தேன். மெல்லிய வலைத்துணி, மெரூன் நிறம், தங்கப் பொட்டு, நடுவில் உன் பெயரும் ஷாலினியின் பெயரும் தங்க எழுத்தில். கலியாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கற்கண்டு போட்டுக் கொடுப்பதற்கு அந்தப் பிள்ளை நிறம் பார்த்துப் பார்த்து அடிப்பித்து, என் வீட்டில் பெட்டியோடு வைத்துவிட்டுப் போன பைகள். கோதாரி. ஊரில் கள்ளன்கூடத் தன் பெயரை எழுதி ஒட்டிவிட்டுக் களவெடுக்கமாட்டான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. கோபம் வருவதற்கு முன்னால் ஒரு கணம், கட்டு நன்றாக விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். கிளை முறியவில்லை, இலை நசியவில்லை, காம்புக்கு மூச்சுவிட இடம் இருந்தது. கை சுத்தமான வேலை. அதை நினைக்க நினைக்கத்தான் எனக்கு விசர் பிடிக்கிறது.

உடனே உனக்குப் போன் எடுத்தேன். நீ என்ன சொன்னாய் என்பதை மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. "அம்மா, ரிலாக்ஸ். ஆம்பிளைச் செடி ஒண்டு, பொம்பிளைச் செடி ஒண்டு, அவ்வளவுதான். நான் விக்கேல்ல. ரெண்டு ஜாதியைச் சேர்த்து விதை எடுத்துப் பாக்கிறன், இட்ஸ் எ ஹொபி. என்ர அப்பார்ட்மென்ற்றில வெயில் இல்லை." வெயில் இல்லையாம். "கன்பெராவில வீட்டில வளக்கலாம், அம்மா. லீகல்." இது கன்பெரா இல்லை, குவேக்கர்ஸ் ஹில். இந்த மாநிலத்தில் ஒன்று வளர்த்தாலும் குற்றம். அதைச் சொன்னால் உன்னிடம் அதற்கும் விடை இருந்தது. எல்லாப் பூவிலும் விதை பிடித்தால் செடி வீணாம், அதனால்தான் ஒரு கிளைக்கு மாத்திரம் தூரிகையால் தொட்டுவிட்டுப் பை கட்டினாயாம். பிறகு அந்தக் கடைசிக் கதை: "நீங்கள் பாவக்காய்க்குச் செய்யிறதுதானே, அம்மா." படித்த பெரிய மனிசன். பாகலுக்குத் தேனீ வரும், அதற்கு வலைப்பை போதும். உன் செடிக்குக் காற்றல்லவா பூந்தூளைக் கொண்டு வருகிறது, சோளத்துக்கு வருகிற மாதிரி. கண்ணறை விட்ட வலைப்பை காற்றுக்கு என்ன செய்யும்? செய்கிற களவையாவது ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. பெயரை எழுதத்தான் தெரிந்திருக்கிறது.

இனி மாமாவின் கதைக்கு வருகிறேன். நீ யோசிக்காமல் விட்டது அதைத்தான். நீ பிளாக்டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்தவன். உன்னை யாராவது பிடித்தால் ஒரு எச்சரிக்கை தருவார்கள், மிஞ்சினால் ஒரு நாள் கோர்ட்டுக்குப் போவாய், ஷாலினியின் அப்பா மலேசியாவில் கிள்ளானிலிருந்து போன் எடுத்து இரண்டு வார்த்தை பேசுவார், அவ்வளவுதான். மாமா படகில் அகதியாக வந்தவர். நீ ஹைஸ்கூலில் இருந்தபோது வந்த மனிசன் இன்னும், முடிவு வருமட்டும் இரு என்று தருகிற பிரிட்ஜிங் விசாவில் நிற்கிறார். ஒவ்வொரு முறை அது முடியும்போதும் கடிதம் வருமட்டும் சோறு இறங்காமல் இருப்பதை நீயும் பார்த்திருக்கிறாய். ஆள் இல்லாத றோட்டிலும் சிக்னலில் பச்சை மனிசன் வரும்வரை நிற்கிறவர். ஒருநாள் ரெயினில் ஏறமுதல் காசு கழிக்கிற ஓப்பல் கார்டைத் தட்ட மறந்துவிட்டு, இறங்கின ஸ்டேஷனிலேயே ஒரு ஆபீசரைத் தேடிப்போய் நடந்ததைச் சொன்னவர். அந்த ஆபீசர் சிரித்துவிட்டு "நோ வொரீஸ்" என்று அனுப்பிவைத்தார். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. கோழி ஃபாக்டரியில் இரவு வேலை முடித்து வந்து, படுக்கமுதல் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவர் அவர். உன் சாடிக்கும் அவர்தான் விட்டார். முதுகு நோவுக்கு மருந்துச்செடி என்று நீ அவரிடம் சொல்லியிருக்கிறாய். பொலிஸ் வந்தால் அந்த நேரம் ஹோசைப் பிடித்துக்கொண்டு யார் நிற்பார் என்று உனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையா?

இதை எல்லாம் போனில் கத்திச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை வந்து பிடுங்குகிறேன் என்றாய். சனி வரவில்லை. ஞாயிறு ஷாலினியோடு வந்தாய். அந்தப் பிள்ளை நிலத்தில் குந்தியிருந்து பைகளை எண்ணிவிட்டு, "ஆன்ட்டி, நாலு பை கம்மியா இருக்கு. கடைக்காரர் ஏமாத்திட்டாரு போல. பரவால்ல, நான் மறுபடி கேக்குறேன்" என்றாள். நீ சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அவள் கை கழுவப் போன நேரம் என்னைக் குசினிக்குள் இழுத்து, "அம்மா, விதை இன்னும் முத்தேல்ல. பச்சையா இருக்கு. ரெண்டே ரெண்டு கிழமை, பிளீஸ்" என்று கெஞ்சினாய். கெஞ்சின நீ கெட்டிக்காரன். நான்தான் மூளை கெட்டவள். இத்தனை வருடம் சிவப்பு நூல் கட்டின எதையும் முத்துவதற்கு முன் பிடுங்கி அறியாத கை எனக்கு. விதை பச்சையாக இருக்கிறது என்றதும் வாய் தானாக "ஓம், ரெண்டு கிழமைதான்" என்றுவிட்டது. கூடப்பிறந்தவரின் விசாவை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கஞ்சா விதை முத்துவதற்குத் தவணை கொடுத்த தாய் வேறு எங்கேயும் இருக்கமாட்டாள். அந்தப் பைகளையாவது கழற்று என்றேன். "ஓகே அம்மா" என்றாய். கழற்றாமலே காரில் ஏறினாய்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை நடந்ததை நீ இன்னும் அறியமாட்டாய். தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன், பெல் அடித்தது. யன்னலால் பார்த்தால் வாசலில் ஒரு பொலிஸ்காரனும் ஒரு பொலிஸ்காரியும். என் கையில் திருவலை இருந்தது, அதோடு நடந்தேன். நான் கதவுக்குப் போகமுதல் மாமா பக்கவாட்டுக் கேற்றால் முன்னுக்கு வந்துவிட்டார், கையில் ஹோஸ், தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் "குட் மோர்னிங்" சொல்லி முடியவில்லை, மாமா தொடங்கிவிட்டார். "மை கார்டின். ஒன்லி மீ. மை சிஸ்ரர் நத்திங். ஹேர் சன் நோ கம் ஹியர்." மூச்சு விடாமல் சொன்னார். முன்பே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கவேண்டும், அவ்வளவு தெளிவாக வந்தது. நான் கதவுக்கு உள்ளே நின்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன்.

பொலிஸ்காரி, வாசலோரம் நின்ற கத்தரியையும் மிளகாயையும் பார்த்துவிட்டு, "லவ்லி கார்டின், மேட்" என்றாள். அவர்கள் வந்தது வேறு விஷயத்துக்கு. பின் தெருவில் யாரோ கார் கண்ணாடியை உடைத்துவிட்டார்களாம், எங்கள் வாசலில் கமரா இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்தார்கள். இல்லை என்று நான் வெளியே வந்து சொன்னேன். போய்விட்டார்கள். அவர்களுடைய கார் திரும்பி மறையும்வரை மாமா அசையாமல் நின்றார், தண்ணீர் அவருடைய சப்பாத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உனக்கென்ன விசரா, ஆர் உன்னைக் கேட்டது?" என்று கத்திக்கொண்டே பின்வளவுக்குப் போனேன், அந்தச் சனியனைப் பிடுங்கி எறிய. சாடிக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். மெரூன் பைகளைக் காணவில்லை. அந்த இடத்தில் வெள்ளைத் துணிப்பைகள் கட்டியிருந்தன. கையால் தைத்தவை, சின்னத் தையல், சுருக்குக் கயிறுகூட வைத்துத் தைத்திருந்தது. வீட்டுக்குள் ஓடிவந்து ஷாலினியின் பெட்டியைத் திறந்து எண்ணினேன். குறைந்த நாலும் இருந்தன, கழுவி, அயர்ன் பண்ணி, மற்றவைக்கு அடியில் மடித்து வைத்தபடி.

மாமா பின்னால் வந்து நின்றார். "பேர் இருந்தது, அக்கா. கலியாணப் பொடியன்ர பேர். அதுதான் மாத்தினனான்" என்றார். இது என்ன செடி என்று தெரியாமலா இருந்தாய் என்று கேட்டேன். "ரெண்டாம் நாளே மணத்தில தெரியும். அவன் ஆசையா வச்சிருக்கிறான்." பிடிபட்டால் உன் விசா என்ன ஆகும் என்று யோசித்தாயா என்று கேட்டேன். ஏதோ நான் சின்னப் பிள்ளை மாதிரிப் பொறுமையாக விளக்கம் சொன்னார்: "அவனுக்கு வேலை இருக்கு, கலியாணம் இருக்கு, அக்கா. என்னட்ட என்ன இருக்கு எடுக்கிறதுக்கு?"

நான் உன்னிடம் போனில் கத்தினதை அப்படியே மற்றப் பக்கமாகத் திருப்பி அந்த மனிசன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார், தம்பி. உனக்கு விளையாட்டு, அவருக்கு வாழ்க்கை என்று நான் சொன்னேன். அவருடைய கணக்கில் வாழ்க்கை உன்னுடையது, அவருடையது ஒன்றுமில்லை. அப்படி ஒரு கணக்கை என் கூடப்பிறந்தவர் என் வீட்டுக்குள்ளேயே இருந்து போட்டிருக்கிறார், எனக்கு விளங்கவில்லை. அழுதேன். பிறகு அழுதபடியே பிடுங்கினேன், இரண்டையும். மாமா "அவனைக் கேட்டிட்டுச் செய், அக்கா" என்று பின்னால் நின்று சொன்னதற்கும் நல்ல பேச்சு வாங்கினார். விதையில் பாதி முத்தியிருந்தது, பாதி பச்சை. பெரிய பானை நிறையத் தண்ணீர் கொதிக்கவைத்து எல்லாவற்றின் தலையிலும் ஊற்றினேன். ஒன்றும் மிச்சமில்லை, வந்து தேடாதே.

புத்தி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் நான் உன் அம்மா இல்லை. ஷாலினியிடம் இதைச் சொல்லு, தாலி கட்டமுதல் சொல்லு. பைகளை எண்ணின பிள்ளைக்கு அந்த நாலு பை எங்கே போய் வந்தன என்று அறிய உரிமை இருக்கிறது. அவள் கத்தினால் வாயைத் திறக்காமல் கேள், "ரிலாக்ஸ்" என்று மாத்திரம் சொல்லிவிடாதே. உனக்குச் செடி வளர்க்கிற ஆசை உண்மையாகவே இருந்தால், அந்த அப்பார்ட்மென்ற்றை விட்டு நிலம் உள்ள வீட்டுக்குப் போ. குருவித்தலை விதை தருகிறேன். உன் கை நல்ல கை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீ நட்டதற்கு நீயே தண்ணீர் விடு. உன் வீட்டிலும் யாரோ ஒருவர் சத்தம் போடாமல் உன் பாரத்தைத் தூக்குவார், பெரும்பாலும் அது ஷாலினியாகத்தான் இருக்கும். அவர் சத்தம் போடவில்லை என்பதற்காகப் பாரம் இல்லை என்று நினைத்துவிடாதே.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. கலியாணத்தன்று தாய்மாமன் பட்டுவேட்டி கட்டவேண்டும் என்று நான் எடுத்து வைத்திருக்கிறேன். மாமா போன கிழமையிலிருந்து, "நான் லோங்ஸ் போடுறன், அக்கா, அதுதான் வசதி" என்று ஒரே பிடியாக நின்றார். தாய்மாமன் சபையில் நீளக் காற்சட்டையோடு நிற்கிறதா என்று நானும் அவரோடு சண்டை பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த வெள்ளைத் துணி எங்கேயிருந்து வந்தது என்று செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவருடைய அலுமாரியைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. விசா இன்டர்வியூவுக்கென்று பொலித்தீன் உறையில் போட்டு வைத்திருக்கிற வெள்ளைச் சட்டை உனக்குத் தெரியும்தானே, அவரிடம் உள்ள ஒரே நல்ல சட்டை. அதன் கீழ்ப்பக்கத்தைச் சுற்றிவர வெட்டி எடுத்திருக்கிறார். லோங்ஸுக்குள்ளே விட்டால் வெளியே தெரியாதாம். வேட்டிக்கு மேலே விட்டால் தெரியும்.

சனிக்கிழமை வா, இந்த முறை சனிக்கிழமையே வா. இதில் வாசிக்க ஏலாத இடங்களை மாமாவிடம் கொண்டுபோய்க் கொடு, அவர் வாசித்துக் காட்டட்டும். பிறகு இரண்டு பேருமாகப் பிளாக்டவுனுக்குப் போய், வேட்டிக்கு மேலே விடுகிற மாதிரி நீளமான வெள்ளைச் சட்டை ஒன்று வாங்குங்கள். அவருடைய அளவு எனக்குத் தெரியும், நான் சொல்லப்போவதில்லை. அவரிடம் நீ கேள்.

அம்மா